ஜீப் படம் போட்ட தட்டு

அத்தியாயம் 14

பங்கிராஸ் அய்யாவின் விசிட்டிங் கார்டுக்கு இரண்டு பக்கமும் முன்பக்கம்தான். போன வாரம் ஊரில் இல்லாதவர்களுக்காக இன்னொரு முறை திருப்பிக் காட்டிவிடுகிறேன்.

ஒரு பக்கத்தில் பச்சை எழுத்து: 'தலைவர், அங்கன்வாடி மைய ஆலோசனைக் குழு, சம்மனசுபட்டி.' மறுபக்கத்தில் தங்க எழுத்து: 'தாளாளர், லிட்டில் செரூப்ஸ் நர்சரி, சம்மனசுபட்டி.' அரசு அலுவலகப் படியேறினால் பச்சை. பாங்க் மேனேஜரைப் பார்க்கப் போனால் தங்கம். கல்யாண வீடுகளில் கார்டைக் கொடுத்துவிட்டு, "திருப்பியும் பாருங்க" என்பார்.

அங்கன்வாடியில் டீச்சர் அவருடைய மூத்த மருமகள் ஜெயமேரி. தெருவுக்கு எதிர்ப்புறம் நர்சரி நடத்துவது இளைய மகன் அருண் ஜோசப். மருமகளின் மையத்திலிருந்து பிள்ளைகளை மகனின் நர்சரிக்கு நகர்த்தியவர் பெரியவரேதான். ஊர்ப் பிள்ளைகள் எங்கே படித்தாலும் அது தன் குடும்பத்துக்குள்தான் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

அங்கன்வாடிப் பதிவேட்டில் இருபத்தேழு பெயர்கள். அதில் இருபத்திரண்டு பேர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு எதிர்ப்புறம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் பெயரை யாரும் அடிக்கவில்லை. அடித்தால் மாதாமாதம் வருகிற சத்துமாவுப் பாக்கெட் நின்றுபோகுமே என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள். அந்த மாவு சம்மனசுபட்டியில் பல கறவை மாடுகளை நல்ல நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

மீதி ஐந்து பேர் உண்மையாகவே வருகிறவர்கள். அவர்களோடு இன்னும் ஒன்பது பேரும் உண்மையாகவே வருகிறார்கள். அந்த ஒன்பது பேருக்குத்தான் பதிவேட்டில் பெயர் இல்லை.

கேரள மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களின் பிள்ளைகள் அவர்கள். ஜீப் காலை ஐந்தே முக்காலுக்கு. மையம் திறக்க வேண்டிய நேரம் ஒன்பது. இடையில் இருக்கிற மூன்றேகால் மணி நேரத்துக்கு அரசாங்கத்தில் யாரும் பொறுப்பில்லை என்பதால், ஆயா ரீட்டா யாரையும் கேட்காமல் தானே பொறுப்பேற்றுக்கொண்டாள். விடியுமுன் கதவைத் திறந்து பிள்ளைகளைக் கைநீட்டி வாங்கிக்கொள்வாள்.

பெயரைப் பதிய டீச்சர் போனில் இருக்கிற அரசாங்க ஆப்பில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் தாயின் போனுக்கு ஓடிபி போகும். பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்ல வேண்டும். ஓடிபி போகும் நேரத்தில் தாய் சிக்னல் இல்லாத ஏலச்செடிகளுக்கு நடுவே நிற்பாள். தாய் இறங்கி வரும் நேரத்தில் டீச்சர் வீட்டில் சப்பாத்தி மாவு பிசைவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒன்பது பேரையும் ஏற்றிவிடலாம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயமேரிக்கு ஒரு வருடமாக வரவில்லை. காரணம் அந்த ஒன்பதில் ஒன்று.

பாண்டியம்மாள். வயது மூன்று. தாய் பெயர் அருள்செல்வி. பங்கிராஸ் அய்யாவின் ஒரே மகள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஜீப் ஓட்டுகிற மாரிசெல்வத்தோடு பதிவாளர் ஆபீசுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். அன்றிலிருந்து பங்கிராஸ், "எனக்கு ரெண்டு ஆம்பளப் பிள்ளைக" என்றுதான் மேடையில் சொல்லிவருகிறார். பேத்திக்கு ஞானஸ்நானம் இல்லாமல், அவளுடைய அப்பனைப் பெற்றவளின் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் அவர் காதை மூடிக்கொண்டார். கண்ணை ஏற்கெனவே மூடியிருந்தார்.

புதுப்பெயர் ஏற்றினால் மாதக் கூட்டத்தில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். 'தாய்: அருள்செல்வி' என்று எழுதிய பக்கத்தை மாமனார் முன் நீட்ட ஜெயமேரிக்குத் தைரியம் இல்லை. ஒன்றை விட்டுவிட்டு எட்டை மட்டும் ஏற்ற மனசும் இல்லை. ஆகவே ஒன்பதும் வெளியே நின்றன.

இந்த நிலைமையில்தான் அந்தக் கடிதம் வந்தது. வருகை குறைந்த மையங்களைப் பக்கத்து மையத்தோடு இணைக்க உத்தேசம். வியாழன் காலை சூப்பர்வைசர் நேரில் வருகிறார். பக்கத்து மையம் மெயின் ரோட்டைத் தாண்டி, வாய்க்காலையும் தாண்டி, மூன்று கிலோமீட்டர். அங்கே விடியுமுன் கதவைத் திறக்க ஒரு ரீட்டா இல்லை.

"நான் பாத்துக்கறேன்" என்றார் பங்கிராஸ்.

அவர் பார்த்துக்கொண்ட வியாழன் இது.

*

ஜெயமேரி ஐந்தரைக்கே வந்துவிட்டாள். ஒட்டடை அடித்தாள். சுவரில் காய்கறிப் படங்களை மாட்டினாள். அலமாரியில் தட்டுகளை வரிசையாக அடுக்கினாள்.

எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்குத் தட்டு மாறக் கூடாது என்று ரீட்டா ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் நகப்பாலிஷால் ஒரு படம் வரைந்திருந்தாள். மீன், குடை, நட்சத்திரம், பூட்டு. பாண்டியின் தட்டில் ஜீப். அப்பன் ஓட்டுகிற வண்டி. அந்த ஜீப்புக்கு ஐந்து சக்கரம்.

வெளியே ஹாரன் அடித்தது. அருள்செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. மதினியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ரீட்டாக்கா இல்லையா?"

"பின்னாடி அடுப்பு பத்தவைக்கிறாக. குடு, நான் வாங்கிக்கறேன்."

அருள்செல்வி கொடுக்கவில்லை.

"என்ன மதினி, விடியறதுக்குள்ள வந்துட்டீக? பெரிய ஆளு யாரும் வாராகளோ?"

"சும்மா ஒரு செக்கிங்."

"மூடப் போறதா ஜீப்புல பேசிக்கிறாக."

"ஜீப்புல ஆயிரம் பேசுவாக."

"ஆமா, ஜீப்புல எல்லாரும் பேசுவோம். ஒங்க வீட்டுலதான் யாரும் வாயத் தொறக்க மாட்டீக."

ஜெயமேரி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"மதினி, ஒண்ணு கேக்கவா? இவ பேரை எப்ப எழுதப் போறீக?"

"இந்த ஓடிபி…"

"சரி, ஓடிபிதான். நாளைக்கு நான் வேலைக்குப் போகல. பொழுதன்னைக்கும் போனைக் கையில வச்சுக்கிட்டு இந்தப் படியிலயே உக்காந்திருக்கேன். எழுதுவீகளா?"

"எழுதறேன்."

"மூடிட்டா எங்களுக்கு வேற போக்கு இல்ல மதினி. மலைக்குத் தூக்கிட்டுப் போனா மேஸ்திரி ஏத்த மாட்டான். வீட்டுல விட ஆளு இல்ல. நான் வேலைய விடணும், இல்ல இவளைப் பூட்டிட்டுப் போகணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

வெளியே மாரிசெல்வத்தின் குரல்: "ஏ அருளு! செக்போஸ்ட்ல கூட்டமாயிரும்!"

குழந்தை கை மாறியது. பாதித் தூக்கத்தில், "ஜீப்பு" என்றது.

"அவ தட்டுலதான் திம்பா. வேற தட்டுன்னா வாயே தொறக்க மாட்டா. ரீட்டாக்காவுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அருள்செல்வி ஓடினாள்.

இன்றைக்கு அந்தத் தட்டில் அவளுடைய பிள்ளை சாப்பிடப் போவதில்லை என்பது ஜெயமேரிக்குத் தெரியும். நேற்று மாலை பூசை முடிந்து வந்ததும் மாமனார் திட்டத்தைச் சொல்லியிருந்தார். ஜீப் தெருமுனை திரும்பும்வரை அவள் அதைச் சொல்லவில்லை.

*

பங்கிராஸ் எட்டரைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு, கையில் சூப்பர்வைசருக்கான பொன்னாடை.

"ரீட்டா, பேரு இல்லாததுகளைக் கூட்டிக்கிட்டு நம்ம தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போயிரு. ரெண்டு மணி வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது."

"அய்யா, இதுகதான் தெனமும் வாரதுக."

"அதனாலதான் சொல்றேன். பேரு இல்லாத பிள்ளை இங்கன இருந்தா, யாரைக் கேட்டுச் சேத்தீக, எத்தனை மணிக்குத் தொறந்தீகன்னு வரும். மொதல்ல ஒன் வேலைதான் போகும்."

"என் வேலை போனாப் போகுதுங்கய்யா. ஒம்பது பிள்ளைகளத் தோட்டத்துல வச்சு நான் ஒருத்தி…"

"திராட்சைத் தோட்டம்! நெழலு, காத்து. காசு குடுத்து வாராக அதைப் பாக்க."

ரீட்டா டீச்சரைப் பார்த்தாள். ஜெயமேரி சுவரில் இருந்த கத்தரிக்காய்ப் படத்தை நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது.

ஒன்பது பிள்ளைகளும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வெளியேறின. பங்கிராஸ் எட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார். ஒன்பதாவது கடக்கும்போது துண்டைச் சரிசெய்துகொண்டார்.

எதிர்ப்புறத்திலிருந்து அருண் ஜோசப் இருபத்திரண்டு பிள்ளைகளோடு ரோட்டைக் கடந்து வந்தான். டைகளைக் கழற்றி ஒரு பையில் போட்டிருந்தான்.

"அப்பா, பேரண்ட்ஸ் கேட்டா என்ன சொல்றது?"

"ஃபீல்டு டிரிப்புன்னு சொல்லு."

"எதுத்த வீட்டுக்கா?"

"எவ்வளவு தூரம்னா கேக்கப் போறாக?"

அருண் குரலைத் தாழ்த்தினான். "இதை மூடுனாத்தான் என்னப்பா? அந்த அஞ்சு பிள்ளையும் நம்ம பக்கம் வந்துரும்ல?"

பங்கிராஸ் மகனை வருத்தத்தோடு பார்த்தார். ஐந்து பிள்ளைகள் வரும். ஆனால் கார்டின் பச்சைப் பக்கம் போய்விடும். கலெக்டர் ஆபீசில் தங்க எழுத்தை நீட்டினால் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்வார்கள். இதெல்லாம் சொல்லிப் புரிகிற வயதில்லை அவனுக்கு.

*

சூப்பர்வைசர் அம்மா ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தோளில் பொன்னாடை விழுந்தது.

"வேர்க்குதுங்கய்யா" என்று அதை எடுத்து நாற்காலி முதுகில் போட்டார். பங்கிராஸ் கார்டை நீட்டினார், பச்சைப் பக்கம் மேலாக. சூப்பர்வைசர் அதைப் பதிவேட்டுக்குள் அடையாளமாகச் செருகிக்கொண்டார்.

"இருபத்தேழு பேரும் வந்திருக்காகளா?"

"நூத்துக்கு நூறும்மா" என்றார் தலைவர்.

"என் சர்வீஸ்ல நூத்துக்கு நூறு நான் பாத்ததில்ல. ஒரு பிள்ளைக்காச்சும் சளி பிடிச்சிருக்கும்."

எடை மெஷினை எடுத்துத் தரையில் வைத்தார். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஜெயமேரி மாதாமாதம் நூறு கிராம் கூட்டி எழுதிவருகிறாள். வீட்டில் உட்கார்ந்து, ஒரே பேனாவில்.

"வினோத்ராஜ். போன மாசம் பதினொண்ணரைக் கிலோ. எடைக் குறைவுன்னு எழுதியிருக்கீங்க. ஏறி நில்லு தம்பி."

வினோத்ராஜ் ஏறினான். மெஷின் பத்தொன்பது காட்டியது.

"ஒரு மாசத்துல ஏழரைக் கிலோ" என்றார் சூப்பர்வைசர்.

"நம்ம சத்துமாவு அப்பிடிங்கம்மா" என்றார் பங்கிராஸ்.

"அப்ப எங்க வீட்டுப் பக்கமே அதைக் கொண்டுவந்துராதீங்கய்யா."

இரண்டாவது பிள்ளையை அவர் மெஷினில் ஏற்றவில்லை. மெஷினை மூடினார். கோபம் எதுவும் தெரியவில்லை. வாரம் ஒரு ஊரில் இதே நாடகத்தைப் பார்க்கிறவரின் அலுப்பு மட்டும் தெரிந்தது.

"பசிக்குதா? சரி, அவங்கவங்க தட்டை எடுத்துட்டு வாங்க பார்ப்போம்."

ஐந்து பிள்ளைகள் அலமாரிக்கு ஓடி, தேடாமல் தங்கள் தட்டை உருவிக்கொண்டு வந்தன. இருபத்திரண்டு பிள்ளைகள் நின்ற இடத்தில் நின்றன. வினோத்ராஜ், "மிஸ், என் ஸ்பூன் வேன்ல இருக்கு" என்றான்.

சூப்பர்வைசர் அலமாரிக்கு எழுந்து போனார். ஒன்பது தட்டுகள் மிச்சம் இருந்தன.

"மீன் யாருது?"

யாரும் வரவில்லை.

"குடை?"

யாரும் வரவில்லை.

"இது என்ன, ஜீப்பா? அஞ்சு சக்கரம் இருக்கு?"

"ஒண்ணு ஸ்டெப்னிங்க" என்றாள் ஜெயமேரி. சொன்ன பிறகுதான் வாயை மூடினாள்.

"இந்த ஜீப்பு யாருது?"

ஐந்து பிள்ளைகளில் சின்னவள் ஜெனிபர், கேட்டதற்குப் பதில் சொல்ல யாரும் முன்வராததைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தானே சொன்னாள்: "பாண்டியோடது. பாண்டி தோட்டத்துக்குப் போயிட்டா."

"எந்தத் தோட்டத்துக்குடா கண்ணு?"

"தாத்தா தோட்டத்துக்கு" என்று ஜெனிபர் பங்கிராஸைக் காட்டினாள்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு நரைத்த தலையெல்லாம் தாத்தாதான். அதற்குப் போய்ப் பங்கிராஸ் ஏன் முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது. அவர் பதிவேட்டைத் திறந்தார். செருகியிருந்த கார்டு கீழே விழுந்தது. தங்கப் பக்கம் மேலாக.

குனிந்து எடுத்தார். படித்தார். ஜன்னல் வழியே எதிர்ப்புறத்துப் போர்டையும் படித்தார்.

"அங்கிட்டும் நீங்கதானா?"

தலைவரும் தாளாளரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வாய் திறந்தபோது, தெருவில் ரீட்டாவின் அலறல் கேட்டது.

"டீச்சர்! டீச்சர்! பாண்டி வாந்தி எடுக்குறா! தோட்டத்துல மருந்து அடிக்கிறாக!"

தோளில் குழந்தை தொங்கியது. பின்னால் எட்டுப் பிள்ளைகள் அழுதுகொண்டே ஓடிவந்தன.

கொடிக்கு மருந்து அடிக்க இந்த வியாழனைக் குறித்துக் கொடுத்தவர் பங்கிராஸ். அதே வியாழனுக்குத்தான் பொன்னாடையும் சொல்லிவைத்தார். ஒன்று ஞாபகத்தில் நின்றது.

"மருந்து கலக்குற பிளாஸ்டிக் மக்கு அங்கன கெடந்திருக்கு டீச்சர். நான் ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுற நேரத்துல, அதுலயே தண்ணி மோந்து குடிச்சிருக்கா…"

குழந்தையின் வாயில் நுரை வழிந்தது. உடம்பு வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது.

"யாரு பிள்ளை இது?" என்றார் சூப்பர்வைசர்.

ஜெயமேரி மாமனாரைப் பார்த்தாள். மாமனார் நாற்காலியில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தார்.

"பேரு பாண்டியம்மா. மூணு வயசு" என்றாள் ஜெயமேரி. "தெனமும் விடியக்காலம் இங்கனதான் வரும். பேரை நான்தான் எழுதாம விட்டேன். எங்க வீட்டுப் பிள்ளை."

குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

"மதினி, இங்கிட்டு!" அருண் நர்சரி வேனை ஏற்கெனவே ஸ்டார்ட் செய்திருந்தான். தன் தங்கச்சி பிள்ளையின் முகத்தை அவன் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். சிறகு முளைத்த தங்கக் குழந்தைகள் படம் ஒட்டிய வேன், கம்பம் ரோட்டில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

*

சூப்பர்வைசர் கிளம்பவில்லை. கிராம நர்சைப் போனில் கூப்பிட்டார். எட்டுப் பிள்ளைகளின் கை, வாய், சட்டை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவவைத்தார். நர்ஸ் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இதுகளுக்கு ஒன்றும் இல்லை என்ற பிறகு, "சோறு போடுங்க" என்றார்.

எட்டும் போய் எட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தன. அலமாரியில் ஒன்று மட்டும் நின்றது.

"அய்யா, சும்மா நிக்கிறதுக்கு அந்த முட்டைகளை உரிங்க."

பங்கிராஸ் சுற்றிப் பார்த்தார். வேறு அய்யா யாரும் இல்லை. துண்டை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்து உரித்தார். பதினொரு வருடமாகத் தலைவராக இருக்கிறவர், இந்தப் பிள்ளைகள் சாப்பிடுவதை அன்றுதான் பார்த்தார். மீன் முட்டையைக் கையால் மூடிவைத்துக் கடைசியில் தின்றது. குடை இரண்டாவது கேட்டது. நட்சத்திரம் மஞ்சளை மட்டும் பூட்டுக்குக் கொடுத்தது.

சூப்பர்வைசர் ஒரு படிவத்தை எடுத்தார்.

"நான் பாத்ததை எழுதணும்னா மூணு பக்கம் வேணும். எனக்குக் குடுத்திருக்கிறது ஒரு கட்டம். 'சராசரி வருகை'. அதுல ஒரு நம்பர்."

இருபத்தேழா, ஐந்தா, பதினான்கா? பங்கிராஸ் எட்டிப் பார்க்கப் பார்த்தார். சூப்பர்வைசர் எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கார்டையும் எடுத்துக்கொண்டார். பொன்னாடையை விட்டுவிட்டுப் போனார்.

கம்பம் பெரியாஸ்பத்திரியில் குழந்தையின் வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். "நாளைக்குக் காலையில கேளுங்க, சொல்றேன்" என்றார் டாக்டர். ஜெயமேரி அருள்செல்வியின் நம்பருக்கு ஏழு தடவை கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மாரிசெல்வத்தின் நம்பர் அந்தக் குடும்பத்தில் யாரிடமும் இல்லை.

செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தாள். குழந்தை பெயர்: பாண்டியம்மாள். தாய் பெயர்: அருள்செல்வி. ஒரு வருடமாக எழுத முடியாததை எழுத இரண்டு நிமிடம் ஆனது. ஓடிபி அனுப்பப்பட்டது என்றது திரை. பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனில் சார்ஜ் தீர்ந்தது.

*

மாலையில் ஜீப் மலை இறங்கியது. பின்னால் எட்டுப் பெண்கள், முன்சீட்டில் அருள்செல்வி. மூன்றாவது வளைவில் சிக்னல் கிடைத்து அவளுடைய போன் கிணுகிணுத்தது.

"எழுதிட்டாகடி!" என்று பின்னால் திரும்பிக் கத்தினாள். "மதினி எம் பிள்ளை பேரை எழுதிட்டாக. ஓடிபி வந்திருக்கு பாரு, பன்னெண்டேகாலுக்கு! நாளைக்குன்னு சொன்னாக, இன்னைக்கே எழுதிட்டாக."

"அப்ப எங்க பிள்ளைகளுக்கும் எழுதுவாக" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏழு தடவை கூப்பிட்டிருக்காக, பாவம். நம்பர் கேக்கத்தான்."

திருப்பிக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி அழுத்துவதற்குள் அவள் போனிலும் சார்ஜ் தீர்ந்து அணைந்தது.

கம்பம் சிக்னலில் அருண் ஜோசப் ஜீப்பை மறிக்க ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். மலையிலிருந்து வரிசையாக ஜீப்புகள் இறங்கின. மச்சான் ஜீப் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. நான்கு வருடமாக அதைப் பார்க்காமல் கடந்து பழகியவன். அருள்செல்வி சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனாள்.

சம்மனசுபட்டி ஸ்டாப்பில் பங்கிராஸ் நின்றார். தோளில் துண்டு இல்லை. ஜீப் நின்றதும் பக்கத்தில் வந்தார். ஏதோ தயார் செய்து வைத்திருந்தார் போல. "இன்று காலை நமது தோட்டத்திலே…" என்று மேடைத் தமிழில் தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டார்.

பெண்கள் குதித்து இறங்கினார்கள்.

"என்னங்கய்யா? பிள்ளைகளுக்கு என்ன?"

"எங்க கருத்தக்கண்ணன் எங்கன?"

"பேரு… பேரு எனக்குத் தெரியாதும்மா. ஒம் பிள்ளை தட்டுல என்ன படம்?"

"மீனு."

"மீனு நல்லாருக்கு. முட்டை தின்னுச்சு. ரீட்டாகிட்ட இருக்கு."

"எம் பிள்ளைக்குக் குடைங்கய்யா."

"குடை நல்லாருக்கு. ரெண்டு முட்டை கேட்டுச்சு, குடுத்தேன்."

"நட்சத்திரம்?"

"நல்லாருக்கு."

"பூட்டு?"

"நல்லாருக்கும்மா."

ஒவ்வொருத்தியாக மூச்சு விட்டு மையத்தைப் பார்த்து ஓடினார்கள். எட்டுப் பேரும் போன பிறகு ஸ்டாப்பில் சத்தம் அடங்கியது. அருள்செல்வி முன்சீட்டை விட்டு இறங்கவில்லை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவரைக் கூப்பிட்டாள்.

"அப்பா. ஜீப்பு?"

ஒன்பது பிள்ளைகளில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான்.

"பாண்டியம்மா… கம்பம் ஆஸ்பத்திரில இருக்கா ஆத்தா. மருந்து மக்குல தண்ணி குடிச்சிட்டா. உசுரு இருக்கு. ஜெயமேரி கூட இருக்கா."

மாரிசெல்வம் ஜீப்பைத் திருப்பினான். "பின்னாடி ஏறுங்க" என்றான்.

எந்த வண்டியிலும் முன்சீட்டைத் தவிர வேறு இடத்தில் உட்கார்ந்திராத பங்கிராஸ் அய்யா, வேட்டியை மடித்துக் கட்டி, பின்பக்கப் படியில் கால்வைத்து, பெண்கள் மறந்துபோன தூக்குவாளிகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார்.

ஊரைத் தாண்டிய பிறகுதான் அருள்செல்வி பேசினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"மையத்துல விட்டுட்டுப் போன பிள்ளையைத் தோட்டத்துக்கு யாரு அனுப்பினது?"

பங்கிராஸின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. உள்ளே கார்டுக் கட்டு இருந்தது. கம்பம் வர இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது.